பச்சைக் கதவு வீட்டுச் சூனியக்காரி

வெள்ளைத் தட்டில் தண்ணீர். அதில் மூன்று சொட்டு ஒலிவ் எண்ணெய். சொட்டுகள் உருண்டு நின்றால் குழந்தைக்கு ஒன்றுமில்லை, பரவினால் கண்ணூறு. புலம்பெயர்ந்து வந்து, வோபர்ன் என்ற பகுதியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி, தெற்கு இத்தாலியிலிருந்து வந்த விதவை, தொண்ணூறுகளின் நடுவில் இதைச் செய்யப் பலமுறை பார்த்திருக்கிறேன். எதிர்வீட்டுத் தமிழ்ப் பெண் தொழிற்சாலைக்குப் போகும் நாட்களில் அவளுடைய ஒன்பது மாத மகளை அவர்தான் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் இல்லாத அவருக்கு, அந்தக் குழந்தை வந்த பிறகுதான் நாளே தொடங்கும்.

அவருடைய ஊர்ச் சூனியக்காரிகள் வால்நட் மரத்தடியில் கூடுவார்களாம். காற்றாகிக் கதவிடுக்கால் நுழைந்து, தொட்டில் குழந்தைகளின் கைகால்களை முறுக்குவார்களாம். அவர்களுக்கு அவர் பயந்தவர்.

நான் அப்போது ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் செய்தியாளன். அதில் தொடர்கதையும் எழுதினேன். குழந்தையைக் காப்பவளையே சூனியக்காரி ஆக்கினேன். இக்காலக் கதைகளில் அடிக்கடி வரும் திருப்பம்தான். ஆனால் தொழில் பழக்கம் விடவில்லை. எங்கள் வீட்டுப் பச்சைக் கதவு, விளிம்பு உடைந்த தட்டு, வீட்டுக்காரியின் கறுப்புச் சட்டை எல்லாவற்றையும் பார்த்தது பார்த்தபடியே எழுதினேன். மூன்றாம் வாரம் கதையில் குழந்தை செத்தது.

அடுத்த திங்கட்கிழமை எதிர்வீட்டுக் குழந்தை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. தான் செய்த பிழை என்னவென்று கேட்டுவரும்படி வீட்டுக்காரி என்னை அனுப்பினார். தாய் கதவுச் சங்கிலியை எடுக்காமலே பேசினாள்.

“தங்கச்சி, அது நானாக் கட்டின கதை.”

“எண்ணெய் விடுறதும் கதையே அண்ணை?”

“அது உண்மை.”

“பச்சைக் கதவு?”

“அதுவும் உண்மைதான்.”

“அப்ப எது பொய் எண்டு நான் என்னெண்டு கண்டுபிடிக்கிறது? என்ரை பிள்ளையை வைச்சோ?”

திரும்பி வந்து வீட்டுக்காரியிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: கதையில் குழந்தைக்கு என்ன ஆனது? சொன்னேன். நெஞ்சில் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார்.

தொடரை நிறுத்தி, யாவும் கற்பனை என்று பத்திரிகையில் கட்டம் கட்டிப் பெட்டிச் செய்தி போட்டோம். இப்போதும் யாராவது பிரசுரிக்கச் சூனியக்காரிக் கதை கொண்டுவந்தால், கதையில் வரும் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன். சிரிக்கிறார்கள்.

பெட்டிச் செய்தி வெளியான மறுநாள் காலை, அந்தத் தாய் மகளை வேறொரு வீட்டில் விடத் தூக்கிக்கொண்டு போனாள். வீட்டுக்காரி வாசலில் நின்றார். அவரைக் கண்டதும் குழந்தை இரண்டு கைகளையும் நீட்டியது. தாய் அதை மற்றத் தோளுக்கு மாற்றி, அதன் முகத்தைக் கையால் மறைத்தபடி நடந்தாள்.