இரண்டு தட்டிலும் இருந்த சலங்கை

போன வாரம் இம்தியாஸ் பாய் சென்னையிலிருந்து போன் செய்தார். ஏதோ ஒரு கம்பெனி புதிதாக ஒரு இசைத்தட்டு கொண்டுவருகிறதாம். சிடியைவிடப் பல மடங்கு துல்லியமாம், அதற்கென்று தனி பிளேயர் வேண்டுமாம். "வாங்கலாமா தோஸ்த்? நீ சொன்னா வாங்கறேன்" என்றார். இரண்டு காதிலும் மெஷின் மாட்டிக்கொண்டிருப்பவனிடம் ஒலியின் தரத்தைப் பற்றி யோசனை கேட்கிற மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. ஏன் என்று கேட்டால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும்.

புதுத் தட்டின் மேலுறையைக் கிழிக்கும்போது ஒரு வாசனை வரும், நினைவிருக்கிறதா? பிளாஸ்டிக்கும் அச்சு மையும் கலந்த வாசனை. எனக்கு அது மல்லிகைப் பூ மாதிரி. தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவனுக்கு மற்ற எல்லா வாசனையுமே மல்லிகைப் பூதான். ஆம்பூரில் ஷிப்டு முடிந்து பஸ் ஏறினால் என் பக்கத்து சீட்டு பெரும்பாலும் காலியாகவே இருக்கும். ஜோலார்பேட்டையில் அப்பா அம்மாவைப் பார்க்கப் போகிற நாட்களில் ராஜா மாதிரி காலை அகட்டி உட்கார்ந்து போவேன். சம்பளம் வந்த கையோடு வேலூர் லாங் பஜாருக்குப் போய், முன்பு கேசட்டில் பாட்டுப் பதிந்து தந்த அதே கடையில் சிடி வாங்குவேன். தள்ளுவண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே நின்றுகொண்டே உறையைப் பிரித்து முகர்ந்து பார்ப்பேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

நான் ஷேவிங் செக்‌ஷனில் சூப்பர்வைசர். பதப்படுத்திய தோலை மெஷினில் கொடுத்து ஒரே கனத்துக்குச் சீவுகிற இடம் அது. மெஷின்கள் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது. அதனால் அங்கே கையால்தான் பேச்சு. இன்னும் கம்மி பண்ணு என்பதற்கு ஒரு சைகை, முதலாளி வருகிறார் என்பதற்கு ஒரு சைகை, டீ வந்துவிட்டது என்பதற்கு மிக அழகான ஒரு சைகை. அதற்கும் மீறிய விஷயம் என்றால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும்.

இம்தியாஸ் பாய் அதே கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தார். சாம்பிள் தோலைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வெளிநாட்டுத் தோல் கண்காட்சிகளுக்குப் போவார். மற்றவர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் வாங்கி வந்தால் அவர் ஸ்பீக்கரும் ஒயரும் வாங்கி வருவார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அவர் வீட்டு முன்னறைக்குப் போய்விடுவேன். தட்டு முடிகிறவரை யாரும் பேசக்கூடாது என்பது அங்கே சட்டம். அவர் மனைவி ஷபானா, நான் பாபி (அண்ணி) என்று கூப்பிடுகிறவர், பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். உள்கதவை ஒட்டி மேஜை போட்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பார். கை பேப்பரில் இருந்தாலும் காது எங்களோடுதான் இருக்கும்.

ஒருமுறை பாய் வெளிநாட்டிலிருந்து வந்ததும் வராததுமாக ஆள் அனுப்பினார். புது வகை பிளேயர் ஒன்று வாங்கி வந்திருந்தார். சிடியின் காலம் முடிந்தது, இனி இதுதான் என்று அப்போது ஒரு தட்டு வந்திருந்தது. ஒரே கச்சேரி இரண்டு தட்டுகளில்: ஒன்று சாதாரண சிடி, இன்னொன்று புதியது. ஒரு பியானோ, ஆள் உயர வயலின் மாதிரி ஒன்று, ஒரு டிரம்ஸ். வெள்ளைக்காரர்கள் மூன்று பேர் வாசித்தது. பாய் முதலில் பழையதைப் போட்டார், பிறகு புதியதைப் போட்டார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

வித்தியாசம் ஒன்றும் இல்லை என்றேன். நன்றாகக் கேட்டுச் சொல் என்று மறுபடியும் போட்டார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். இதெல்லாம் கம்பெனிக்காரன் நம் தலையில் கட்டுகிற சரக்கு என்று ஒரு பிரசங்கமும் செய்தேன். பாய்க்கு முகம் சிவந்துவிட்டது.

"உனக்கு காதே இல்ல தோஸ்த். சும்மா ரெண்டு ஓட்டை இருக்குது, அவ்ளோதான்."

நானும் விடவில்லை. வார்த்தை தடித்துக்கொண்டே போனபோது வாசலில் யாரோ கூப்பிட, பாய் எழுந்து போனார். ஷபானா பேனாவை மூடி வைத்துவிட்டு வந்தார். தட்டை மாற்றிப் போட்டார். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துவிட்டு மேஜைக்குப் போய்விட்டார்.

பாய் திரும்பி வந்து கண்ணை மூடி உட்கார்ந்தார். "இதோ பாரு, எவ்ளோ தெளிவா இருக்குது. இதான் புது தட்டு" என்று ரசித்துத் தலையாட்டினார். பாட்டு முடிந்ததும் ஷபானா நிதானமாகச் சொன்னார்: "நீங்க கேட்டது பழசுங்க. நான் மாத்திட்டேன்."

நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரை ஏறிவிட்டது. பாய் ஒரு குஷனை எடுத்து என்மேல் எறிந்தார். அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஷபானாதான் சமாதானம் செய்கிற குரலில், தனக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது என்றும், எடுத்த எடுப்பில் சலங்கை மாதிரி கிலுகிலுவென்று வருவதுகூட இரண்டிலும் அப்படியே இருக்கிறது என்றும் சொன்னார்.

"எந்த சலங்கை பாபி?" என்று கேட்டேன்.

பாய் தட்டை முதலிலிருந்து போட்டார். அந்தச் சத்தம் வருகிற இடத்தில் கையைத் தூக்கினார், நிற்கிற இடத்தில் இறக்கினார். டிரம்ஸ்காரரின் பித்தளைத் தட்டுச் சத்தமாம் அது. எனக்குப் பியானோ கேட்டது. பாய் வால்யூமைக் கூட்டினார். பியானோ பெரிதாகக் கேட்டது, அவ்வளவுதான். அவர் கை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு அவர் பிளேயரை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சற்று முன்பு அவர் சொன்னதை நான் நினைத்துக்கொண்டேன், அவரும் நினைத்துக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. ஷபானா டீ போட உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து என் மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. ஒரு வருஷமாகக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அவள் சொன்னதைவிட வெள்ளைக்காரன் தட்டு சொன்னதுதான் எனக்கு வேதவாக்காக இருக்கிறது என்றாள். ஆம்பூரில் இப்போதெல்லாம் கொசுவே இல்லை என்று ஊரெல்லாம் நான் பெருமை பேசிக்கொண்டு திரிந்ததை நினைவுபடுத்தினாள். கொசு இருந்தது. காதருகில் வந்து பாடவும் பாடியது.

எங்கள் மகள் மேரி அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். காலில் வெள்ளிக் கொலுசு. சுவரைப் பார்த்து என்னை நிற்க வைத்துவிட்டு, அவளைப் பின்னால் நடக்கச் சொன்னாள் ஸ்டெல்லா. நடை எப்போது நிற்கிறது என்று நான் சொல்ல வேண்டும். நான் சொன்ன எதுவும் சரியாக இல்லை. இது ஏதோ புது விளையாட்டு என்று மேரி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகக் கேட்டது. நான் சுவரிலிருந்து திரும்பவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். டாக்டரம்மா இளவயதுக்காரர். எங்கே வேலை என்று முதலில் கேட்டார். மெஷினைப் பற்றிச் சொன்னதும் தலையசைத்தார்.

"போனது வராதுங்க. இருக்கறத காப்பாத்திக்கலாம்."

அடுத்த வாரம் பாய் என்னைக் கையோடு முதலாளியிடம் அழைத்துப் போனார். வெளிநாட்டில் தான் பார்த்த தொழிற்சாலைகளில் இந்த வேலைக்குக் காதில் மூடி மாட்டாமல் ஒருவனும் நிற்பதில்லை என்று சொன்னார். வாங்குகிறவர்கள் நம் ஷெட்டைப் பார்க்க வந்தால் கேட்பார்கள் என்றும் சொன்னார், இரண்டாவது சொன்னதுதான் வேலை செய்தது. செக்‌ஷனில் எல்லோரையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். காது மூடிகள் வந்தன. என்னைத் தோல் தரம் பிரிக்கிற அறைக்கு மாற்றினார்கள். பெரிய மெஷினை ஓட்டிய கோவிந்தன் மட்டும் மூடியைக் கழுத்தில் நெக்லஸ் மாதிரி போட்டுக்கொண்டு, மெஷின் சத்தம் கேட்டால்தான் பிளேடு மழுங்கியது தெரியும் என்று கடைசிவரை அடம்பிடித்தான்.

இப்போது சொல்லுங்கள், புதுத் தட்டு எதற்கு? ஒரு சாதாரண சிடியில் இருந்ததே நான் கேட்டதைவிட அதிகம். பாயின் நல்ல காதுக்கும் அந்தப் பழைய தட்டே போதுமானதாக இருந்தது, ஷபானா மாற்றி வைத்ததில் அது நிரூபணம் ஆகிவிட்டது. காதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், அமைதியான ஒரு அறை பாருங்கள், இருக்கிற தட்டைப் போடுங்கள். எந்தக் கம்பெனிக்காரன் வந்து கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். பாயிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஷபானா போனை வாங்கினார். "அவருக்கு டிஸ்க் வேணாம்ணா. இங்க யாரும் அவரோட உக்காந்து பாட்டு கேக்க மாட்றாங்க. அதான் பேஜார்" என்றார்.

உண்மைதான். லாங் பஜார் கடையில் இப்போது போனுக்குக் கவர் விற்கிறார்கள். பாயின் ஆம்பூர் வீட்டை இடித்து வணிக வளாகம் கட்டிவிட்டார்கள். பேசாமல் உட்கார்ந்து ஒரு தட்டை முழுதாகக் கேட்கிறவர்களை நான் எங்கும் காணவில்லை.

எங்கள் தோல் தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள். சென்ற மாதம் நானும் கோவிந்தனும் அந்தப் பக்கம் போனபோது, வாட்ச்மேன் தெரிந்தவர் என்பதால் உள்ளே விட்டார். மெஷின்களைக் கழற்றி விற்றாயிற்று. சிமெண்டுத் தரையில் போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. கூரை ஓட்டையில் வெயில் இறங்கியிருந்தது. எங்கோ ஒரு புறா சிறகடித்தது எனக்குக்கூடக் கேட்டது. கோவிந்தன் தன் மெஷின் இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு என்னிடம் வந்தான். என் தோளைப் பிடித்து இழுத்து, என் காதோடு வாயை வைத்து, முன்பெல்லாம் கத்துவதுபோலவே கத்தினான்:

"சத்தமே இல்ல பாத்தியா!"