பெட்டிக்குள் அடித்த போன்

பல தளங்களின் செய்திகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் ஃபீட் ரீடர் என் போனில் உண்டு. எதுவும் எனக்குத்தான் முதலில் தெரியும் என்று பெருமை வேறு.

ஒரு மாலை, 'தேர்வாய் கண்டிகை ஆலையில் தீ, ஒருவர் பலி' என்று வந்தது. அந்தத் தொழிற்பேட்டையில் எந்த ஆலை என்று இல்லை. என் கணவருக்கும் அங்கேதான் வேலை. உள்ளே போகுமுன் போனை செக்யூரிட்டியின் பெட்டியில் போட்டுவிடுவார்கள். தெரிந்தும் அவருக்கு விடாமல் அடித்தேன். அதே செய்தி தளத்துக்குத் தளம் வந்து விழுந்துகொண்டே இருந்தது.

கம்பெனி பஸ்ஸில் அவர் வந்து இறங்கியதும் அழுதுவிட்டேன்.

"எங்க கம்பெனிதாம்மா. நான் வேற ஷெட்டு," என்றார். "போனை வாங்கிக்கினு வரும்போது, பெட்டில செத்துப்போனவரோட போனு அடிச்சிக்கினே கீது. 'வீடு'ன்னு காட்டுது. எடுக்க யாருக்கும் தைரியம் வரல."

இப்போதும் செய்தி எனக்கு முதலில் வந்துவிடுகிறது. அந்த வீட்டுக்கு எப்போது போய்ச் சேர்ந்ததோ.