அன்னத்தின் கழுத்து

எனக்கு விடுப்பு அதிகம். விடுப்பு என்றதும் லீவு என்று நினைக்கிறவர்கள் வேறு ஊர்த் தமிழர். எங்கள் பக்கத்தில் விடுப்பு என்றால், அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அறியாவிட்டால் சோறு இறங்காத குணம். அந்தக் குணம் என்னிடம் இருந்தபடியால்தான் கத்தரினின் கதை எனக்கு அடியிலிருந்து நுனிவரை தெரியும்.

கத்தரின் லண்டனில், மிச்சம் என்ற பகுதியில், என் பக்கத்து வீட்டுக்காரி. மன்னாரில் பிறந்தவள். சித்திர ரீச்சராக வரவேண்டும் என்று ஆசைப்பட்டு, அது சரிவராமல் பாரிசுக்குப் போய், அங்கே கலியாணம் கட்டி, பிறகு லண்டனுக்கு வந்தாள். தொழில், மண்டபச் சோடனை. எங்கள் ஆட்களின் சாமத்திய வீடுகளில் வயதுக்கு வந்த பிள்ளையைக் கொண்டுபோய் இருத்துவார்களே, அந்த அன்னம், தாமரை, சிப்பி எல்லாம் அவளுடைய கராஜில் பிறந்தவை. எல்லாமே றெஜிபோம். புது டிவி வாங்கினால் பெட்டிக்குள் உடையாமல் அண்டை கொடுத்து வருகிற வெள்ளைக் கட்டி இருக்கிறதல்லவா, அதுதான். உள்ளே ஒரு கதிரை, வெளியே அன்னம். ஞாயிறு காலையில் பூசைக்குப் போய் நற்கருணை வாங்கிவிட்டு, நேரே மண்டபத்துக்குப் போய் சைவப் பிள்ளைகளுக்கு அன்னம் பூட்டுவாள்.

ஒரு கலியாணத்துக்கு விருந்தாளியாக வந்த ஹெலன் என்ற பேராசிரியர், மணவறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதை யார் செய்தது என்று விசாரித்திருக்கிறார். அவருடைய பல்கலைக்கழகத்தில் பூர்வகுடிக் கலைக்கூடம் என்று ஒரு வகுப்பு இருக்கிறது. ஒவ்வொரு பருவமும் ஒரு மக்கள் கூட்டத்திலிருந்து ஒரு கலைஞரை அழைப்பார்கள். முதலில் ஒரு மாவோரிப் பெண் பின்னல் வேலை கற்பித்தாராம். பிறகு கனடாவிலிருந்து ஒரு மரச்செதுக்குக்காரர். அடுத்ததாகக் கத்தரினைக் கேட்டார்கள். பருவ முடிவில் மாணவர்கள் செய்ததை வெளியாட்கள் இரண்டு பேர் வந்து பார்ப்பார்கள். அவர்களுக்குத் திருப்தி என்றால் அந்தக் கலைஞருக்கு அங்கேயே நிரந்தர வேலையும் கிடைக்கும்.

"றஜீனா, நான் பூர்வகுடியோடி?" என்று அன்றைக்கு மதிலுக்கு மேலால் என்னிடம் கேட்டாள்.

"மிச்சத்திலையோ? எனக்குத் தெரியாது. அவவிட்டையே கேளன்."

கேட்டிருக்கிறாள். ஹெலன் சிரித்துவிட்டு, அந்தச் சொல் யாருக்குப் பொருந்தும் என்று தாங்களே இன்னும் வாதாடிக்கொண்டிருப்பதாகச் சொன்னாராம். "உங்கள் ஆட்கள் தங்களுக்காகத் தாங்களே என்ன செய்கிறார்களோ, அதைக் கற்றுக்கொடுங்கள். எனக்கு அதைத்தான் அறிய வேண்டும்." அவருக்கும் விடுப்பு என்று நான் அப்போதே விளங்கிக்கொண்டேன். கத்தரினுக்குத்தான் விளங்கவில்லை.

கத்தரினுக்கு அந்த வேலை எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். மண்டபம் மண்டபமாகச் சாமான் தூக்கி முழங்கால் போய்விட்டது. அதைவிட, தன்னை ஒருவர் ரீச்சர் என்று கூப்பிடக் கேட்கவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அந்த ஆசையில் புத்தி தடுமாறிவிட்டது. வெள்ளைக்காரரின் பல்கலைக்கழகத்துக்கு றெஜிபோமைக் கொண்டுபோனால் சிரிப்பார்கள் என்று தானே முடிவுகட்டி, ரூட்டிங்கில் உள்ள தமிழ்க் கடையில் சொல்லிவைத்துத் தென்னங்குருத்து எடுத்தாள். யூரியூப்பைப் பார்த்து ஓலைக்கிளி செய்யப் பழகினாள். குருத்து ஞாயிறுக்குச் சிலுவை மடிக்கத் தெரியுமே தவிர, அவள் சீவியத்தில் கிளி செய்ததில்லை.

முதல் வகுப்புக்கு ஹெலனும் வந்திருந்தார். கத்தரின் அந்தக் கிளியைத் தூக்கிக் காட்டினாள். ஒரு மாணவன் ஆர்வமாகக் கையைத் தூக்கி, இது கோழியா என்று கேட்டானாம். "நெருக்கமான உறவுதான்" என்று கத்தரின் சமாளித்திருக்கிறாள். பின்வரிசையில் கிங்ஸ்பரியிலிருந்து வருகிற கோசிகா என்ற பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள், 'அன்ரி' மட்டும் எங்கள் உச்சரிப்பில்.

"அன்ரி, என்னுடைய சாமத்திய வீட்டுக்கு அன்னம் செய்தது நீங்கள்தானே?"

கத்தரின் கிளியை மேசையில் வைத்தாள். என்ன அன்னம் என்று வகுப்பு முழுக்கத் திரும்பியது. கோசிகா விடவில்லை. மாமா ஒருவர் படத்துக்குச் சாய்ந்து நின்றதில் அன்னத்தின் கழுத்து முறிந்ததையும், அது யாருக்கும் தெரியவராமல் கத்தரின் பின்னால் குந்தியிருந்து, படம் எடுத்து முடியும்வரை கழுத்தைத் தாங்கிக்கொண்டிருந்ததையும் சொன்னாள். "எனக்கு மட்டும்தான் தெரியும். என் காதுக்குப் பக்கத்தில் இவ மூச்சு விட்டுக்கொண்டிருந்தா. அல்பத்தில் ஒரு படத்திலும் இவ இல்லை."

பிறகு கேள்விகள். பொதி சுற்றுகிற சாமானில் அன்னமா? எதனால் வெட்டுவீர்கள்? கழுத்து எப்படி நிற்கிறது? ஏன் அன்னம்? ஹெலன் ஓலைக்கிளியை மெதுவாக மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, "எனக்கும் அந்தக் கேள்விகள்தான்" என்றார்.

அன்று மாலை கத்தரின் என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து அழுதாள். பொய் பிடிபட்ட வெட்கம். எனக்குக் கோபம்தான் வந்தது.

"உனக்கு விசரே? அதுகள் உன்னட்டைக் கேட்டது உன்ரை வேலையை. நீ ஏன் ஆரோ ஒராளின்ரை கிளியைக் கொண்டு போனனீ?"

"றெஜிபோமைக் கலை எண்டு சொல்ல ஏலுமோடி?"

"கோசிகாவிட்டைக் கேள்."

அடுத்த கிழமை சூட்டுக்கம்பியைக் கொண்டுபோனாள். புகை உறிஞ்சும் அறையில் மட்டும் வெட்டலாம் என்று அனுமதி கிடைத்தது. கம்பி சூடாகி, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் கட்டிக்குள் இறங்கியபோது மாணவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்களாம். பருவம் முழுவதும் எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு பெரிய அன்னம் செய்தார்கள். கழுத்தை நான்தான் செய்வேன் என்று கோசிகா அடம்பிடித்து எடுத்துக்கொண்டாள்.

பார்வையிடும் நாளன்று வானை ஓட்டிக்கொண்டு போனது நான். வேறு ஆள் இருந்தது, ஆனால் நான் விடவில்லை. வெளியாட்கள் இரண்டு பேரும் அன்னத்தைச் சுற்றி நடந்தார்கள். கத்தரின் முன்னால் நின்று, பிரெஞ்சும் தமிழும் கலந்த தன் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். அவர்களில் ஒருவர் ஆசையாக அலகைத் தொட்டுப் பார்த்தார். மெல்லிதாக ஒரு 'டிக்'. முன்னால் நின்றவர்களுக்குக் கேட்டிராது. எனக்குக் கேட்டது, நான் பின்பக்கம் நின்று நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தின் அடியில் வெடிப்பு விழுந்துவிட்டது. கோசிகா ஓடிவந்து பின்னால் குந்தி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னும் ஐந்து நிமிடம் அவள் பிடித்தால் போதும், வந்தவர்கள் போய்விடுவார்கள், வேலை கத்தரினுக்குத்தான். பிடி பிள்ளை, பிடி என்று மனதுக்குள் மாதாவை மன்றாடினேன்.

கத்தரின் பேச்சை நிற்பாட்டினாள். பிடிக்கிற கையை அவளுக்குத் தெரியாதா?

"கோசிகா, கையை எடு பிள்ளை."

"அன்ரி, விழும்" என்றாள், ஆங்கிலத்தில்.

"விழட்டும்."

விழுந்தது. றெஜிபோம் விழுந்தால் சத்தம் வராது. தலையும் கழுத்தும் நிலத்தில் கிடந்தன. கத்தரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்தாள். முறிந்த இடத்தை அவர்களுக்குத் திருப்பிக் காட்டினாள். உள்ளே வைத்த தும்புத்தடி, அதாவது விளக்குமாற்றுக் கம்பு, மார்புவரை போகாமல் பாதியில் நின்றுவிட்டது, அதனால்தான் முறிந்தது என்றாள். தானும் ஒருமுறை இந்தப் பிழையை விட்டதாகவும், அன்றைக்கு ஒளிந்திருந்து பிடித்ததாகவும் சொன்னாள். "இனி ஒளிக்க முடியாது. எப்படி ஒட்டுகிறது என்று காட்டுகிறேன். இதுதான் என் பாடம்."

அலகைத் தொட்டவர் தன் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பசையைப் பிடித்தார். மாணவர்கள் புதுத் தடி சீவினார்கள். எல்லாரும் நிலத்தில்தான் இருந்தோம். நானும் இருந்தேன், எழும்பத்தான் பாடு. கடைசியில் வெளியாட்கள் இரண்டு பேரும் ஹெலனோடு ஒரு மூலைக்குப் போய்க் கதைத்தார்கள். என் காது எட்டவில்லை. ஹெலன் திரும்பி வந்து, இனி இந்த அறை உங்களுடையதுதான், ரீச்சர் என்றார். கோசிகா சொல்லிக்கொடுத்த சொல்லாக இருக்கவேண்டும். கத்தரின் அழுதாள். அந்த அழுகைக்கு நான் ஏசவில்லை.

எல்லாரும் சேர்ந்து ஒரு படம் எடுக்கலாம் என்றார்கள். பசை இன்னும் காயவில்லை, கழுத்தை யாராவது பிடிக்கவேண்டும். கத்தரின் பழக்கதோஷத்தில் பின்னால் போய்க் குந்தப் பார்த்தாள். கோசிகா அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள்.

"அன்ரி, முன்னுக்கு வாங்கோ." அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் தமிழ் வசனம் அதுதான்.

படம் என் போனில் இருக்கிறது. நடுவில் அன்னம், அதற்கு முன்னால் கத்தரின், சுற்றிவர மாணவர்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் பேராசிரியர் எங்கே என்று கேட்கிறார்கள். அவ பின்னால் குந்தியிருந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறா என்று நான் சொல்வேன்.