மாலை போட்ட மீசை

தாராவித் தோல் ஷெட்டில் வேலை பார்த்த நம்பிராஜனுக்கு ஊரில் நிலம் கிடையாது, பம்பாயில் சொந்த அறை கிடையாது. மீசை இருந்தது. அதை வைத்துக்கொண்டே எங்கள் சந்தில் மரியாதையாகக் காலம் தள்ளிவிட்டார்.

ஒரே மகன் பூலோகம். இந்திப் படம் ஒன்றையும் விடமாட்டான். அம்மாவிடம் தண்ணீர் கேட்பதைக்கூட வில்லன் குரலில்தான் கேட்பான். "கூத்தாடிப் பய எவனும் என் வாசல மிதிக்கப்படாது" என்று ஒருநாள் நம்பிராஜன் கத்தினார். பையனும் ரோஷக்காரன். பாண்டுப்பில் வேலை தேடிக்கொண்டு போனவன் இரண்டு தீபாவளி ஆகியும் வரவில்லை. லோக்கல் ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பாண்டுப். அப்பாவே போய்ப் பார்த்திருக்கலாம்தான். மீசை விடவில்லை.

அப்போதுதான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். போட்டோக்காரர் சலாவுதீன் தன் கடை முகப்பில் மாட்டியிருந்த நம்பிராஜன் படம் அவர்கள் கண்ணில் பட்டது. செம்பூரில் எடுத்துக்கொண்டிருந்த ஓர் அடிதடிப் படத்துக்கு, கடத்தல்காரன் கையால் செத்துப்போன அப்பா ஒருவர் தேவைப்பட்டார். நடிக்க வேண்டாம், சுவரில் தொங்கினால் போதும். அவர் முன்னால் சபதம் எடுத்துவிட்டுக் கதாநாயகன் போய் ஊரையே கொல்வான்.

கூத்தாடியே ஆகாது என்ற மனுஷன் உடனே சரி என்றார். காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னார்: "அவன் ஒரு படமும் விடமாட்டாம்வே. என் மூஞ்சியப் பாத்தா ஒருக்கா வருவாம்லா?"



படம் வந்த அன்று மாஹிம் தியேட்டரில் பாதி எங்கள் சந்துதான். திரையில் நம்பிராஜன் தோன்றினார். ரோஜா மாலை, நெற்றியில் குங்குமம், முன்னால் விளக்கு. நாங்கள் விசிலடித்தோம். அவர் மனைவி முப்பிடாதியம்மாள் மட்டும் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பாவிப் பயலுவ, உசுரோட இருக்க மனுசனுக்கு மாலை போட்டுட்டானுவளே!" எங்கள் ஊர்ப் பக்கம் படத்துக்கு மாலை விழுந்தால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். விளையாட்டுக்குக்கூட யாரும் சம்மதிக்கமாட்டார்கள். மாலை விஷயம் நம்பிராஜனுக்கே அப்போதுதான் தெரியும். ஆனாலும் கெத்தை விடாமல், "எனக்காக எத்தன பேரக் கொன்னிருக்கான், பாத்தியா" என்றார்.

பிறகு லீவு நாளெல்லாம் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் பாண்டுப் பக்கம் போய்ச் சேர நாளாயிற்று. ஒரு ஞாயிறு மத்தியானம் பூலோகம் வந்தான். மொட்டைத் தலை, கையில் இரும்புக் கம்பி. மாலையைப் பார்த்ததும் அப்பா போய்விட்டார், தனக்குச் சொல்லாமலே காரியத்தையும் முடித்துவிட்டார்கள் என்று அவனாகவே முடிவு கட்டிவிட்டான். அந்தத் துக்கத்திலும் படத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் போய் மொட்டை போட்டிருக்கிறான். யாரையாவது ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டாமா? கதாநாயகன் விசாரித்தானா என்ன?

"ஏல வானமாமல! வெளிய வால!" என்று சித்தப்பா மகனைத்தான் கூப்பிட்டான். "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எங்கய்யாவுக்குக் கொள்ளி வச்சது நீதானல? ஒன்ன விடமாட்டேன், சோடூங்கா நஹீ!"

வானமாமலை கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். பூலோகம் சந்து நடுவில் நின்று, சினிமாச் சபதத்தை ஒரு எழுத்து விடாமல் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தான். குழாயடியில் குளித்துக்கொண்டிருந்த நம்பிராஜன் ஈரத்துண்டோடு வந்து அவன் எதிரில் நின்றார்.

கம்பி கீழே விழுந்தது. பையனுக்கு முதலில் வந்தது கோபம்தான். "எய்யா, நீங்க சாவலியா? நான் மொட்டையில்லா போட்டுட்டேன்!" என்று கத்தினான். அப்படியே தரையில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதான்.

நம்பிராஜன் குனிந்து அந்த மொட்டைத் தலையைத் தடவினார். மீசை நனைந்திருந்தது, குழாய்த் தண்ணீர் என்றே வைத்துக்கொள்வோம்.

"வானமாமலய விட்டுரு. உள்ள வந்து சாப்பிடுல. கொள்ளிய இன்னும் எவனும் வைக்கல. அது ஒனக்குத்தான்."