மூன்றாம் மாடிக்கு மேலே

எங்கள் கட்சியின் எல்லை மூன்றாம் மாடி. தீர்மானம் போட்டு யாரும் வகுத்ததில்லை, மூச்சு வகுத்தது. சுங்கைப் பட்டாணியின் அந்த மலிவு விலை அடுக்குமாடிக்கு ஐந்து மாடிகள், மின்தூக்கி கிடையாது. துண்டறிக்கைக் கட்டோடு ஏறுவோம். முதல் மாடியில் முழக்கம், இரண்டாம் மாடியில் வணக்கம், மூன்றாம் மாடியில் இடுப்பில் கை. அதற்கு மேலே வானமும் துணிக்கொடிகளும் மட்டும் இருப்பதாக நினைத்துக்கொண்டு இறங்கிவிடுவோம்.

நடுவிலிருந்து இடப்பக்கம் சற்றே சாய்ந்த கட்சி எங்களுடையது, முதுகுவலிக்காரர் நாற்காலியில் உட்காருவதுபோல. உழைப்பவர்களின் கட்சி என்று எங்களை நாங்களே சொல்லிக்கொண்டோம். உழைப்பவர்கள் அப்படிச் சொல்வதை நிறுத்திச் சில தேர்தல்கள் ஆகியிருந்தன. அவர்களைத் திரும்பப் பெறுவது எப்படி என்று ஆராய, குளிரூட்டிய ஓட்டல் அறையில் ஒரு நாள் முழுக்கக் கூடினோம். போர்வை கேட்காத குறை. மாலையில், துண்டறிக்கையின் தமிழில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். கவிதை எழுதுகிறவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. அந்தக் குளிரிலேயே உட்கார்ந்து, ஒரே பக்கத்தில் ஏழு முறை 'வியர்வை' என்று எழுதினேன்.

கிளைத் தலைவருக்கு வேறு கவலை. ஐந்தாம் மாடியில் ஓர் அக்கா இருந்தார். இருவரும் பாடாங் மேஹா பக்கம் ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள். தலைவர் செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றினார்; அக்கா உதிர்ந்த பழங்களைப் பொறுக்கினார். பிறகு இவர் கட்சிக்கு வந்தார், அக்கா கையுறைத் தொழிற்சாலைக்குப் போனார். இவர் முதன்முதலில் மேடையேறிய அன்று கூட்டத்துக்கு நாற்காலி தூக்கி வந்து போட்டவர் அக்காதான். போன தேர்தலில் அவர் ஓட்டுப் போட இறங்கி வரவே இல்லை. எதிர்க்கட்சிக்குப் போட்டிருந்தாலும் தலைவர் சண்டை போட்டுத் தீர்த்திருப்பார். வராமலே இருந்ததைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. காரில் போகும்போதெல்லாம், அந்த அக்கா ஒருத்தர் இறங்கிவிட்டால் போதும் என்பார். யாரும் கேட்காமலே சொல்வார்.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கையில், ஒரு ஞாயிறு காலை, துணிந்து போன் போட்டார். அக்கா வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வருவதுதான் வருகிறாய், படிக்கட்டுக்கு அடியில் கேஸ்காரன் என் தோங்கை இறக்கிவிட்டுப் போய்விட்டான், எடுத்துக்கொண்டு வா என்றாராம். தலைவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

படிக்கட்டின் கீழே இரண்டு கேஸ் தோங்குகள், பச்சை இரும்பு உருளைகளாய், இரட்டைப் பிள்ளைகள்போல நின்றன. தலைவர் ஒன்றை எடுத்துத் தோளில் வைத்தார். குலை தூக்கிய தோள் இது, கவிஞரே என்றார். முதல் மாடியில் தோள் மாறியது. இரண்டாம் மாடியில் ஆள் மாறியது. இரும்பு என் கழுத்தில் குளிர்ந்து, பிறகு சுட்டது. பானைக்கு அடியில் நீலப் பூவாய் மட்டுமே நான் பார்த்திருந்த நெருப்புக்கு இத்தனை கனமா என்று மலைத்தேன். ஒரு வரிகூடத் தோன்றியது. மூன்றாம் மாடி வந்ததும், பழக்கத்தில், இருவரும் நின்றோம். மூச்சு வாங்க ஒரு சாக்கு வேண்டுமே, தலைவர் குறைந்தபட்சச் சம்பளம் பற்றிப் பேசத் தொடங்கினார். ஒரு கதவு திறந்து, பார்த்து, மூடிக்கொண்டது.

ஐந்தாம் மாடி வாசலில் அக்கா நின்றார். தோங்கை இறக்கினோம். அவர் குனிந்து, பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். 

"தம்பி, இது காலி. பக்கத்து வீட்டுக்காரி எறக்கி வச்சது."

தலைவர் குனிந்து தோங்கைத் தட்டிப் பார்த்தார்.

"கவிஞருக்குத் தெரியாது, விடு. நீ குலை ஏத்துனவன்லா. காலிக்கும் நெறஞ்சதுக்கும் ஒன் கைக்கு வித்தியாசம் தெரியலயா?"

எந்த மேடையிலும் பதிலை மடியில் கட்டிக்கொண்டு நிற்கும் மனிதர், காலித் தோங்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். இரண்டாவது ஏற்றத்தில் இருவரும் சேர்ந்து பிடித்தோம். படிக்கொரு தரம் வைத்தோம். சம்பளம் பற்றி யாரும் பேசவில்லை.

அடுப்பு பற்றிய பிறகுதான் தேநீர் வந்தது. அது கொதிப்பதற்குள் அக்கா என் துண்டறிக்கையைப் படித்து முடித்திருந்தார். ஏழு இடத்தில் வேர்வை என்று போட்டிருக்கிறது, இப்போதுதான் உங்கள் சட்டையில் பார்க்கிறேன் என்றார். தலைவர் தம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்து, கடைசியில் கேட்டார், இந்த முறையாவது இறங்கி வருவீர்களா என்று.

"இந்தத் தோங் ரெண்டு மாசம் வரும். ஒங்க தேர்தல் அதுக்கு முன்னாலயே முடிஞ்சிரும். தீந்தோன போன் போடறேன், எடுக்கறியான்னு பாக்கலாம்லா."

அக்கா இறங்கவில்லை. நாங்கள் தோற்றோம். ஏன் தோற்றோம் என்று ஆராய மறுபடி அதே குளிர் அறை. மழையையும் என் தமிழையும் குற்றவாளிகளாகக் கண்டு, மழையை மன்னித்துக்கொண்டிருந்த நேரம் தலைவரின் போன் அடித்தது. திரையைப் பார்த்தார். எழுந்து வெளியே நடந்தார். நானும் ஓடினேன், எனக்கும் தப்பிக்க ஒரு வழி வேண்டியிருந்தது.

படிக்கட்டின் கீழே அன்று மூன்று தோங்குகள். தலைவர் ஒவ்வொன்றாகத் தூக்கினார், வைத்தார். முதலாவதை மறுபடி தூக்கினார். இது என்றார்.

மேலே அக்கா தூக்கிப் பார்க்கவில்லை. உருட்டி உள்ளே கொண்டுபோய்க் குழாயை மாட்டினார். தலைவரும் இந்த முறை எதையும் கேட்கவில்லை. அக்காவாகவே சொன்னார்.

"அடுத்த தேர்தலுக்கு இன்னும் முப்பது தோங் இருக்கு, தம்பி."

தலைவர் சிரித்தார். சிரித்தபடியே காலியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். நான்காம் மாடியில் இறங்கும்போது ஒரு கதவு திறந்தது. அண்ணே, கீழேதானே போறீங்க, இதையும் வச்சிருங்க என்று ஒரு பெண் ஒரு தோங்கை வெளியே நகர்த்தினாள். தலைவர் என்னைப் பார்த்தார். 

குனிந்து தூக்கினேன். காலி. அவள் சொல்வதற்கு முன்பே கை சொல்லிவிட்டது.