கஞ்சித் தண்ணீரில் கரைத்த காரம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்காவின் பொறுமையைப் பற்றியும், வந்தவர்களுக்கு அவர் இலை போட்ட அழகைப் பற்றியும் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். உடன்பிறந்த தங்கையாகிய நான் எழுதப்போவது ஒரு பயத்தைப் பற்றி. அதை எழுத இத்தனை வயது ஆகிவிட்டது.

நாமக்கல்லுக்கு மேற்கே மானாவாரிக் கடலைக்காடு வைத்திருந்த குடும்பத்தில் அக்கா தலைமகளாகப் பிறந்தார். எனக்கும் அவருக்கும் ஒன்பது வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இருவர் தங்கவில்லை. பெற்றோர் இருவரும் ஓராண்டுக்குள் அடுத்தடுத்து இறந்தபோது எனக்குப் பதினொரு வயது. ராசிபுரத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா, என்னையும் தம்மோடு கூட்டிச் சென்றார். மாமா நல்லவர், அதிகம் பேசமாட்டார். வீட்டில் அக்காவின் மாமியார் சொன்னதே சொல். என்னை அவர் ஒருநாளும் கடிந்ததில்லை. ஆனாலும் அந்த வீட்டை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் ஊர் மாதர் சங்கத்துக்கு வந்த கிராம சேவிகை ஒருவர் சோப்புச் செய்யக் கற்றுக்கொடுத்தார். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் காரநீர் ஆறியதும் தேங்காயெண்ணெயும் புங்க எண்ணெயும் கலந்து கட்டியாகும்வரை கிளற வேண்டும். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது என்று அவர் மூன்று முறை சொல்லவைத்தார். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் என்ன செய்வது என்று அக்காதான் கேட்டார். மற்ற பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்காமல் பதிலைக் கேட்டுக்கொண்டார்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் செய்த சோப்பு மணல்போல உதிர்ந்தது. அதனால் அக்கா மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து அதில் கரைத்தார். சோப்பு நன்றாக வந்தது. கோடையில் மழைத்தண்ணீர் தீர்ந்தபோது வேறு எதில் கரைக்கலாம் என்று இருவரும் பார்த்தோம். இளநீரில் கரைத்தால் சூடேறிப் பழுப்பாகப் பொங்கியது. ஆட்டுப்பால் கருகி நாறியது. சோறு வடித்த கஞ்சியை ஆறவைத்து, தெளிவாக இறுத்துக் கரைக்கலாம் என்று சொன்னது நான். அந்த சோப்பு வழுவழுப்பாக, வெண்ணெய் நிறத்தில் வந்தது. அக்கா என் தலையைத் தொட்டுச் சிரித்தார். எனக்கு அப்போது பதினாறு வயது. அந்த வீட்டுக்கு நானும் ஒன்று செய்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தது.

பங்குனி மாதம், ஒரு நண்பகல். அக்கா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். காரநீர் கரைக்கும் பீங்கான் ஜாடியில் மாமியார் மாங்காய் ஊறப்போட்டிருந்தார். நான் ஒரு போசிப் பாத்திரத்தில் கஞ்சித் தண்ணீரை ஊற்றி, காஸ்டிக்கைக் கரைத்து, ஆறட்டும் என்று ஆட்டுக்கல் ஓரம் தட்டுப் போட்டு மூடிவைத்தேன். தினமும் அதே போசியில்தான் குழந்தைக்குக் கஞ்சி ஆற்றுவோம். அது தெரிந்தும் வைத்தேன். சோப்பை வார்க்கும் பலகைப் பெட்டியில் விரிக்கத் துணி எடுக்க உள்ளே போனேன்.

அக்காவின் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. தூங்கி எழுந்து தாகத்தோடு வந்திருக்கிறாள். தட்டு உருண்ட சத்தம் எனக்குக் கேட்டது. அதன்பின் கேட்ட சத்தத்தை எழுத என்னால் ஆகாது.

நான் ஓடிவந்தபோது அக்கா குழந்தையைத் தூக்கியிருந்தார். உதடு வீங்கி வெளுத்திருந்தது. எச்சில் கோழையாக வழிந்தது. அக்கா குடத்துத் தண்ணீரால் குழந்தையின் வாயைக் கழுவிக்கொண்டே இருந்தார். மாமியார் ஒரு சொம்பில் உப்பைக் கரைத்துக்கொண்டு ஓடிவந்து, குடிக்கவைத்து வாந்தி எடுக்கவைக்கச் சொன்னார். அதுவரை மாமியாரை எதிர்த்து ஒரு சொல் பேசியறியாத அக்கா, அந்தச் சொம்பைத் தள்ளிவிட்டார்.

“வேண்டாமுங்க அத்தை. உள்ள போறப்ப சுட்டது, திரும்பி வாரப்பவும் சுடும்.”

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடினார். பின்னால் நானும் மாமியாரும். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நெய் டின் ஏற்றிச் சேலம் போன ஒரு லாரியை அக்கா குறுக்கே நின்று நிறுத்தினார். டிரைவர் குழந்தையின் வாயைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. வழியெல்லாம் ஒரு கையால் ஹாரனை அழுத்தியபடியே ஓட்டினார். குழந்தை அழுவதை நிறுத்தியபோதுதான் எனக்கு உயிர் போயிற்று. மூச்சு இருக்கிறதா என்று அக்கா தம் கன்னத்தை அதன் மூக்கருகில் வைத்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். வராந்தாவில் மாமியார் மூச்சு வாங்க நின்று, “அதைய அங்க வெச்சது யாரு?” என்று கேட்டார். அவர் பார்வை என் மேல் இருந்தது. சொல்லியிருப்பேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

“நாந்தானுங்க அத்தை. மறந்தாப்பல வெச்சுப்போட்டேன்” என்றார் அக்கா.

நான் வாய் திறக்கவில்லை.

ஒன்பது நாள் குழந்தைக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கவில்லை. புண் ஆறும்போது தொண்டை சுருங்கிப்போகலாம், சில வாரம் கழித்துத்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னார். அந்த வாரங்களில் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. குழந்தை இருமினால் எழுந்துபோய்ப் பார்ப்பேன். பாதித் தம்ளர் பாலோடு நிறுத்தினால் தம்ளரைச் சாய்த்து மிச்சத்தைப் பார்ப்பேன். பயந்தபடியே தொண்டை சுருங்கியது. இருமுறை சேலத்துக்குக் கொண்டுபோய்க் குழாய் விட்டு விரித்தார்கள். இரண்டாம் முறைக்குப் பிறகு, கார்த்திகை மாதம் ஒருநாள், பருப்புச் சோற்றை ஒரு வாய் முழுதாக விழுங்கிவிட்டு இன்னும் வேண்டும் என்று கேட்டாள். அக்கா அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

ஆனால் அந்தச் சோற்றை ஊட்டியது மாமியார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியது முதல் மூன்று வருடம் பெற்ற மகளுக்கு ஒரு வாய் ஊட்ட அக்காவை அவர் விடவில்லை. குழந்தை அவர் பக்கத்தில்தான் படுத்தது. வந்தவர்களிடமெல்லாம், பெத்தவளே விஷத்தை எடுத்து வைத்தாள் என்று சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தாங்கமுடியாமல், கிணற்றடியில் வைத்து, அத்தையிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அக்கா வாளியைக் கீழே வைத்தார்.

“சொன்னா உன்னைய ஊட்டை உட்டு அனுப்பிப்போடுவாங்க. எங்க போவ சாமி? பாப்பா முழுங்கறா. எனக்கு அது போதும்.”

அது நடந்து மூன்று ஆண்டுகள் கழித்து, அறுபதுகளின் தொடக்கத்தில், அக்கா மறுபடி சோப்புச் செய்தார். மாமியார் வாசலிலேயே நின்று பார்த்தார். மழைத்தண்ணீர் தவிர வேறு எதையும் அக்கா பிறகு தொடவில்லை. அதிலும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டார். காரம் பட்டதும் மஞ்சள் இரத்தச் சிவப்பாக மாறியது. இதைப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் குடிக்கத் தோன்றாது என்றார். மாமியார் உள்ளே போனார். அன்று இரவுச் சோற்றைப் பிசைந்து, கிண்ணத்தோடு அக்காவின் கையில் கொடுத்தார். ஊட்டு என்று சொல்லவில்லை. குழந்தை அதற்குள் தானே சாப்பிடும் வயதுக்கு வந்துவிட்டாள். ஆனாலும் அன்று அம்மாவிடம் வாயைத் திறந்து காட்டினாள்.

எனக்குத் திருமணம் செய்துவைத்ததும் அக்காவும் மாமாவும்தான். மாமியார் கடைசிவரை உண்மை தெரியாமலே போனார். அவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவர் அக்கா. பிறகு மாமாவும் போனார். கடைசியில் அக்காவுக்கே பக்கவாதம் வந்து, விழுங்க முடியாமல் எட்டு மாதம் கிடந்தார். மகள்தான் கரண்டி கரண்டியாகக் கொடுத்து, தொண்டையைத் தடவிவிட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அக்காவின் மகளிடம் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, “எதையும் எடுக்க வேண்டாமுங்க சித்தி, அப்படியே போடுங்க” என்றாள்.

அக்காவின் நோய்க்காலத்தில் இரவு பகலாக உதவிய அண்டை வீட்டாருக்கும், மருத்துவர்களுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், தொலைவிலிருந்து வந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர்கூடக் கேட்டுவைக்காத அந்த லாரி டிரைவருக்கும், வாரக்கணக்கில் குழந்தையின் தொண்டையைச் சோதித்த நர்ஸம்மாவுக்கும், எங்கிருந்தாலும் எங்கள் நன்றி.

அக்காவுக்கு மட்டும் அவர் இருந்தவரை நான் நன்றி சொல்லவில்லை. எதற்கு என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். இப்போது எல்லோருக்கும் தெரியும். நன்றி அக்கா.