வெற்றிலை இல்லாத கல்யாணப் பேச்சு

அக்கா வேலைக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்பு. அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

அக்கா மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் ஒரு பண்ணைக்காரர் வீட்டில் சமையலுக்கு இருந்தாள். மாதம் ஒரு கடிதம் வரும். ராகம் போட்டுப் படிப்பேன். ஒரு கடிதத்தில் இப்படி இருந்தது: ‘சின்னவர் எனக்குப் பட்டுச்சேலை எடுத்திருக்கிறார். வேண்டாமென்றாலும் கேட்கவில்லை. ராத்திரி சமையலறைக் கதவுக்கு அம்மிக்கல்லை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன்.’

சின்னவர் என்றால் பண்ணைக்காரரின் மகன். அம்மிக்கல் பூனைக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன். எனக்குச் சேலைதான் முக்கியம். எங்கள் மலையில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரியப் பணம் கொடுப்பார்கள். ஒருவன் பெண்ணுக்குச் சேலை எடுத்தால் அது கல்யாணப் பேச்சு. அக்கா பெரிய வீட்டு மருமகளாகப் போகிறாள் என்று குதித்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷம் தாங்கவில்லை போல என்று நினைத்தேன்.

மறுநாள் அப்பா வெள்ளை வேட்டி கட்டி, ஒரு வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். என்னையும் கூப்பிட்டார்.

“அப்பா, வெத்தலபாக்கு எடுக்கலியா?”

“அது இருக்கட்டும் சாமி. கடுதாசிய எடுத்துக்க.”

பண்ணைக்காரர் வீட்டு வாசலில் ஏழெட்டு ஆட்கள் கடலை காயவைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அப்பா தாரை இறக்கி வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “ஏனுங்க, உங்க பையன் எம்புள்ளைக்குச் சேலை எடுத்துக் குடுத்தாராமுங்க. பரியம் எப்பப் பேசிக்கலாமுங்க?”

ஆட்கள் சிரித்தார்கள். பண்ணைக்காரர், “என்னய்யா ஒளர்ற?” என்றார்.

“நானாச் சொல்லலீங்க, கடுதாசியில இருக்குதுங்க. படி கண்ணு.”

தொண்டை கிழியப் படித்தேன். அம்மிக்கல் வந்த இடத்தில் சிரிப்பு நின்றுபோனது. திண்ணையில் உட்கார்ந்திருந்த சின்னவர் எழுந்து உள்ளே போய்விட்டார். பண்ணைக்காரரின் மனைவி அக்காவை வெளியே கூட்டிவந்து, அவளுடைய மஞ்சள் பையை வாசலில் வைத்து, “மொதல்ல கூட்டிட்டுப் போங்க” என்றார். அக்காவின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

“அப்ப கல்யாணம் இல்லீங்களா?” என்று அப்பா இன்னொரு முறை கேட்டார். ஆட்கள் குனிந்து கடலையைக் கிளறத் தொடங்கினார்கள்.

பையில் பட்டுச்சேலை இல்லை. பஸ் மலையேறிச் செம்மேடு வரும்வரை அதற்காக அழுதேன். அக்கா அப்பாவின் கையைப் பிடித்தபடியே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் கோள் சொன்னேன்: “அப்பா வெத்தலபாக்க மறந்துட்டாரு. அதான் கல்யாணம் நின்னுபோச்சு!” அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

மடியில் வெற்றிலை இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் கல்யாணப் பேச்சுக்கு வாசல் மிதிப்பதில்லை. பாதி ஊருக்குப் பெண் பேசி முடித்தவர் அப்பா. அவர் போய் அதை மறந்திருப்பாரா என்று எனக்குக் கேட்கத் தோன்றியபோது, அக்காவின் மகளே ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.